அந்த இரண்டு கப் டீ

போன வாரம் அந்தப் பழுப்பு உறையைப் பிரித்த இடத்தில் உங்களை அம்போவென்று விட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டு எழுதிய வாசகர்கள் மன்னிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்துப்போன உதவித்தொகை அலுவலகப் பரிசோதகர் எழுதிய அறிக்கைதான் உள்ளே இருந்தது; இப்போதே சொல்லிவிடுகிறேன்.

‘விண்ணப்பதாரர் துணையின்றி நடக்கிறார். இரண்டு கப் தேநீரைத் தட்டில் ஏந்தி, சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தார். உற்சாகமாகப் பேசினார். அன்றாட வேலைகளுக்கு மற்றவர் உதவி தேவைப்படுவதாகத் தெரியவில்லை.’

கீழே மதிப்பெண். எட்டு எடுத்தால் உதவித்தொகை. கிடைத்தது இரண்டு. அந்த இரண்டையும் எதற்குப் போட்டார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை. போனால் போகிறதென்று போட்டிருப்பார்கள்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக: இந்த விண்ணப்பதாரர்தான் நம் ஏழுகப். ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பெரிய ஓட்டலில் முப்பத்திரண்டு வருஷம் சர்வர். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏழு கப்புகளைச் சாசரோடு அடுக்கிக்கொண்டு, முதுகால் சமையலறைக் கதவைத் தள்ளித் திறந்து வருவார். ஒரு சொட்டு சாசரில் விழாது. ஊரே அந்தப் பெயரால் கூப்பிட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

நான்கு வருடமாக அவருக்குப் பார்க்கின்சன் நோய். கை ஆடுகிறது. நடக்கும்போது பாதம் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்கிறது. சட்டைப் பொத்தானோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறார். குளிப்பாட்டுவதும் தூக்கி உட்கார வைப்பதும் எல்லாம் அவர் மனைவிதான். அதே ஓட்டலில் பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். இன்றைக்கும் ஏழுகப்புக்கு அவர் ‘கேஷியரம்மா’தான். அந்த அம்மாளுக்கு இப்போது இடுப்பில் அகலமாக ஒரு பெல்ட்.

உதவித்தொகை கிடைத்தால் தினமும் காலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஆள் வருவார். கிடைக்காவிட்டால், டாக்டர் சொன்னபடி, இன்னும் ஆறு மாதத்தில் இரண்டு பேரையும் யாராவது தூக்க வேண்டியிருக்கும். அதனால்தான் மகள் மேல்முறையீடு செய்தாள். இன்று புதன்கிழமை, விசாரணை நாள்.

*

மகள் எட்டு மணிக்கே வண்டியோடு வந்துவிட்டாள். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. வண்டியின் தலையில் டிரைவிங் ஸ்கூல் பலகையும், பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக்கும் இருக்கும். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் யாராவது தப்பாகப் பேசினால்கூட அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

உள்ளே வந்ததும் அழுத்தியது.

“அப்பா! என்ன இது, கோட்டு?”

ஏழுகப் பழைய கறுப்புக் கோட்டில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கன்னத்தில் வெட்டுக்காயம் இல்லாத சவரம். அம்மா கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பெரிய மனுஷங்க மூணு பேர் முன்னால போறோம். கசங்கின சட்டையோடயா போய் நிக்கறது?”

“கழட்டுங்கப்பா. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாளாவது நல்லா இல்லாம இருங்க.”

எந்த மகளும் அப்பாவிடம் இப்படி வேண்டிக்கொண்டிருக்க மாட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் முகம் வாடியது.

“தப்பு என் மேலதான். அந்தப் பொண்ணு பரிசோதனைக்கு வந்தன்னிக்கு நான் வாயைத் திறந்து பேசியிருக்கணும். இவர் டீயும் கையுமா வந்து நின்னதும் நான் அப்படியே வாயடைச்சுப் போயிட்டேன். அன்னிக்கு சாயந்திரம் குளியலறைத் தரையை ஒழுங்காத் துடைச்சிருந்தா இவர் விழுந்திருக்கவும் மாட்டார்.”

“விடு கேஷியரம்மா. எத்தனை தடவை சொல்லுவ?” என்றார் ஏழுகப். மனைவியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பரிசோதகர் வந்துபோன அந்தச் சாயங்காலம்தான் அவர் குளியலறையில் விழுந்தது. வழுக்கிவிட்டது என்றார். மத்தியானம் அங்கே துணி அலசியது அம்மா. நான்கு மாதமாக அதைச் சொல்லிச் சொல்லித் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள்.

கோட்டு கழற்றப்படவில்லை. இவ்வளவு பொத்தானையும் மறுபடி அவிழ்க்க யாருக்குப் பொறுமை?

*

போகும் வழியில் ரயில் நிலையம் வந்தது. எதிரே ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கண்ணாடிக் கதவு ஆள் வந்தால் தானாகத் திறக்கிறது.

“பாரு, கதவு தானா திறக்குது. முதுகால தள்ள வேண்டாம்,” என்றார் ஏழுகப். சிவப்பு விளக்கு விழுந்ததும் இரண்டு பேரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள்.

“கவுண்டர் அதோ, அந்தத் தூண் பக்கத்துல,” என்றாள் அம்மா. “காத்தாடி நேரா என் தலைக்கு மேல. பில்லெல்லாம் பறக்கும். ஒரு சாசரைக் கவுத்து அதுமேல வெச்சிருப்பேன்.”

“அந்த சாசரை எடுத்துட்டுப் போய் அதுல காபி கொடுத்தவனும் இருந்தான்.”

“நீங்கதான் அது.”

மகள் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தாள். அவளுக்கு அந்த ஓட்டல் என்றால் ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வரும். ஞாயிறு மத்தியானத்தோடு அப்பாவுக்கு வேலை முடியும். வீட்டுக்கு வந்ததும் ஏழு கப்பில் தண்ணீர் ஊற்றி, கையில் அடுக்கிக்கொண்டு, அவளுக்காக ஹாலை மூன்று சுற்று வருவார். சாசரில் ஈரம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. ஒரு நாளும் இருந்ததில்லை.

இன்றும் அவள் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருகிறாள். அப்பா இன்றும் அவளுக்கு ஒரு கப் டீ கொண்டுவந்து கொடுக்கிறார். ஏழு இல்லை, ஒன்றுதான். ஆனால் சிந்தாது. ‘நான் பார்க்கறப்ப நல்லாத்தானே இருக்கார், நீ கொஞ்சம் கூட்டித்தான் சொல்ற’ என்று அம்மாவோடு ஒருமுறை சண்டைகூடப் போட்டிருக்கிறாள். அந்த இடுப்புப் பெல்ட்டைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினாள்.

“ஆமா, அது ஏம்பா ஏழு? ஆறு, எட்டு, பத்துன்னு இல்லாம?”

“எல்லா சர்வரும் ஆறுதான் எடுப்பாங்க,” என்றாள் அம்மா, அவருக்கு முந்திக்கொண்டு. “ஒரு மேஜைக்கு ஆறு பேர். ஏழாவது கப் எனக்கு. போற வழியில கவுண்டர்ல வெச்சிட்டுப் போவார். பில்லுல வராது.”

முப்பத்தாறு வயசில் மகளுக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறது. பச்சை விளக்கு விழுந்து, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

*

விசாரணை அறை இரண்டாவது மாடியில். லிஃப்ட் இருந்தது, வராந்தாவைத் தாண்டினார்கள், கதவும் திறந்தது. வாசற்படியில் ஏழுகப்பின் பாதம் ஒட்டிக்கொண்டது.

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த தலைவி அம்மாள், வலப்பக்கம் ஒரு டாக்டர், இடப்பக்கம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒருவர். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழுகப் முன்னால் சாய்கிறார், கால் வரவில்லை. நெற்றி வேர்த்துவிட்டது.

மகள் கையை நீட்டினாள். அம்மா அவளைத் தடுத்து, கணவர் காதருகே போய், கவுண்டர்க் குரலில் சொன்னாள்:

“நாலாம் மேஜை, ரெண்டு காபி!”

கால் விடுபட்டது. ஏழுகப் விறுவிறுவென்று நடந்துபோய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஊன்றுகோல்காரர் ஏதோ எழுதிக்கொண்டார். “இது எப்பவும் பண்றதா?” என்று அம்மாவைக் கேட்டார்.

“டாக்டர் யாரும் சொல்லிக் கொடுக்கலைங்க. ஒரு நாள் கோவத்துல கத்தினேன், நடந்துட்டார். ஒரு நாளைக்குப் பதினஞ்சு மேஜையாவது ஆகும்.”

தலைவி அம்மாள் சிரித்துவிட்டு, கேள்விகளை ஆரம்பித்தார். சமைப்பீர்களா என்றார்.

“அதெல்லாம் ஜமாய்ச்சிடுவேங்க,” என்றார் ஏழுகப்.

டக் என்று ஒரு சத்தம்.

“என்னம்மா அது?”

“மன்னிச்சுக்கோங்க. பழக்க தோஷம்,” என்று மகள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். “அப்பா அடுப்புப் பக்கம் போய் ரெண்டு வருஷம் ஆச்சுங்க.”

தானே குளிப்பீர்களா? குளிப்பேங்க. டக். உடை மாற்றுவீர்களா? மாத்துவேங்க. டக். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். இப்படியே போயிருந்தால் அந்த இரண்டு மதிப்பெண்ணும் கைநழுவிப் போயிருக்கும்.

அப்போது டாக்டர் பேனாவை மூடினார். “இந்த ரெண்டு கப் டீயைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க.”

“வந்தவங்களுக்கு ஒரு வாய் டீ கொடுக்காம எப்படிங்க அனுப்பறது? அந்தப் பொண்ணு பாவம், வெயில்ல வந்திருந்தது.”

“அது சரி. இப்ப உங்க கை ஆடுது. கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள விட்டிருக்கீங்க, பாக்கெட் ஆடறது எனக்குத் தெரியுது. அன்னிக்கு ஏன் ஆடலை?”

ஏழுகப் கையை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். அது ஆடியது. ஏழு கப் தூக்கிய கை அது. வெளியாட்கள் பார்க்க அதை இப்படி ஆடவிட்டு அவர் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

“ரெண்டு மாத்திரை போட்டேங்க,” என்றார். “பகலுக்கு ஒண்ணுதான். ரெண்டாப் போட்டா ஒரு மணி நேரம் பழைய ஆளா இருப்பேன். மூணு நாள் இவ கடைக்குப் போறப்ப கப்புல தண்ணி ஊத்தி நடந்து பார்த்தேன். அவங்க வந்தப்ப பிரமாதமாப் போச்சு.”

“ஏன் அப்படிப் பண்ணீங்க? கையாலாகலைன்னு காட்டத்தானே அவங்களை வரச் சொன்னது?”

“தெரியுங்க. ஆனா ஒரு ஆள் வந்து மேஜையில உக்காந்துட்டா, நமக்கு என்ன வலின்னு அவங்களுக்குத் தெரியக்கூடாதுங்க. முப்பத்திரண்டு வருஷம் அப்படியே இருந்துட்டேன். வேற மாதிரி எனக்கு வரலை.”

அவர் இன்னும் முடிக்கவில்லை என்பது டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“அப்புறம்?”

ஏழுகப் மனைவியின் பக்கம் திரும்பினார். “அப்புறம் சாயந்திரம் மாத்திரை வேகம் இறங்கிச்சு. தலை சுத்தி விழுந்தேன். வழுக்கலை. தரை காஞ்சுதான் இருந்தது.”

அம்மா மடியிலிருந்த கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மேஜைக்குப் பின்னால் மூன்று பெரிய மனிதர்கள் இருப்பதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

“நாலு மாசமா நான் அந்தத் தரையைத் துடைச்சுக்கிட்டே இருக்கேங்க,” என்றாள். “ஒரு நாளைக்கு நாலு தடவை. இந்த இடுப்போட. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

அவர் தலைகுனிந்தார். இதைச் சொன்னால்தான் மேல்முறையீடு ஜெயிக்கும், சொன்னால் இவள் முகத்தைப் பார்க்க முடியாது என்று நான்கு மாதமாக உள்ளுக்குள் புழுங்கியவர். இப்போது இரண்டும் நடந்துவிட்டன.

டாக்டர் தொண்டையைச் செருமினார். “ஒரே ஒரு கேள்வி. இப்படி ரெண்டா போட்டது அன்னிக்கு ஒரு நாள் மட்டும்தானா?”

“ஒரு நாள்தாங்க.”

அதைச் சொல்லும்போது அவர் மகள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

“கூடுதலா வாங்கின மாத்திரைக்கு மருந்துக் கடையில பதிவு இருக்கும். அதை வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பி வைங்க,” என்றார் தலைவி அம்மாள். “நீங்க சொன்னதுக்கு அது ஒரு சாட்சி. பார்த்துட்டு முடிவு சொல்றோம்.”

திரும்பி வரும்போது ரயில் நிலையத்துச் சிவப்பு விளக்கு மறுபடியும் விழுந்தது. செல்போன் கடைக் கதவு திறந்து மூடியது. இந்தத் தடவை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

*

அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு மகள் மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அப்பாவின் வயதுக்காரர். கேட்டதும் கணினியைத் தட்டி ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

“அப்பா எப்படிம்மா இருக்கார்? பாவம், மாத்திரை கையிலேர்ந்து தவறித் தவறி விழுந்துடுதாம். அம்மா பக்கத்துல காய் வாங்கிக்கிட்டிருப்பாங்க, அந்த நேரத்துல வந்து கேப்பார். டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுட்டுத்தான் கொடுப்பேன். மாசம் நாலு.”

“நாலா?”

“பாருங்க, எழுதியிருக்கேன்.”

எழுதியிருந்தது. மாதத்துக்கு ஒரு வரி, ‘தவறி விழுந்ததற்குப் பதிலாக’ என்று. நான்கு. நான்கு. நான்கு. பரிசோதகர் வந்த மாதம் ஐந்து. அதற்கு முந்தைய மாதம் ஒன்றுமே இல்லை. அதற்கும் முன்னால் மறுபடி நான்கு.

ஒன்றுமே இல்லாத அந்த மாதத்தை அவள் விரலால் தொட்டாள். கனரக வண்டிப் பயிற்சிக்காக அவள் வெளியூரில் இருந்த மாதம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்கு வரவில்லை.

மாதத்துக்கு நான்கு ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கப் டீ. சிந்தாத டீ.

அந்தப் பரிசோதகப் பெண்ணை இந்த நான்கு மாதத்தில் எவ்வளவு திட்டியிருப்பாள்! அந்தப் பெண் ஏமாந்தது ஒரு நாள். தான் ஏமாந்தது வருஷக்கணக்காக. நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். டிரைவிங் ஸ்கூல் பலகை போட்ட வண்டியில் ஒரு பெண் அழுதால், டெஸ்டில் தோற்றுப்போனவள் என்றுதான் தெருவில் போகிறவர்கள் நினைப்பார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டி, “அடுத்த தடவை பாஸாயிடும்மா” என்று சொல்லிவிட்டே போனார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை மறுபடி பார்த்தாள். இதை அனுப்பினால், விசாரணையில் அப்பா ‘ஒரு நாள்தான்’ என்றது பொய் என்று தெரிந்துவிடும். அனுப்பாவிட்டால் சாட்சி இல்லை. அம்மாவின் இடுப்பு நடுவில் தொங்குகிறது. தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

*

வீட்டுக்குத் திரும்பினாள். குளியலறை வாசலில் எப்போதும் சாய்ந்திருக்கும், தரை துடைக்கும் மாப்பைக் காணோம். அப்பா கோட்டோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். அம்மா சமையலறையிலிருந்து மூன்று கப் டீயோடு வந்தாள். அவர் வழக்கம்போல எழுந்திருக்கப் பார்த்தார்.

அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

கேஷியர்கள் தட்டு பிடிக்கக் கற்றவர்கள் இல்லை. மூன்று சாசரிலும் டீ குளம் கட்டியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் ஏழுகப் ஒரு குட்டிப் பிரசங்கமே செய்திருப்பார். இன்று தன் கப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். அது சாசரில் தாளம் போட்டது. கொஞ்சம் கோட்டில் சிந்தியது. அம்மா பேசாமல் அதைத் துடைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனாள்.

அந்த மௌனத்தை எப்படியாவது கலைக்க வேண்டும் என்று அவருக்கு. மகளைப் பார்த்துச் சிரித்தார்.

“ஞாயித்துக்கிழமை வருவ இல்ல பாப்பா? அன்னிக்கு டீ நான் தர்றேன். இந்த மாதிரி குளம் குட்டையெல்லாம் இருக்காது.”

மகளுடைய கால் தரையை அழுத்தவில்லை. கைப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“வரேம்பா. ஆனா ஒரு மாத்திரை போட்ட அப்பாவைப் பார்க்கத்தான் வருவேன்.”

ஏழுகப்பின் சிரிப்பு அப்படியே நின்றது. கப்பை மெல்லக் கீழே வைத்தார். வைத்த பிறகும் கை ஆடிக்கொண்டிருந்தது. அதை மறைக்க அவர் பாக்கெட்டைத் தேடவில்லை.

“அந்த அப்பா சிந்துவாரே, பாப்பா,” என்றார், ரொம்ப மெதுவாக.

“சிந்தட்டும். நான் துடைக்கறேன்.”

அம்மா மகளைப் பார்த்தாள். கைப்பையைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் பில்லைப் பார்த்தே மனிதர்களைப் படித்தவளுக்கு மிச்சத்தை யாரும் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

விசாரணை அறையை விட்டு வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது.

“தரை துடைக்கற மாப்பை மாடிப்படிக்குக் கீழ தூக்கிப் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை வந்தா, நீயே எடுத்துக்கோ.”